முப்பது எண்ணுகிற நேரம்

மேட்டகள்ளி, மைசூர்
12 ஜூன் 2024

மாமாவுக்கு,

இனிமேல் போனில் பேச வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் செக்போஸ்ட்டில் டவர் கிடையாது. வாரத்துக்கு ஒருநாள் மாதேஸ்வரன் மலைக்கு வந்து போன் செய்கிறீர்கள். முதல் ஐந்து நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. மீதி நேரம் சண்டை. போன ஞாயிற்றுக்கிழமை நான் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டதாம். அதனால் எழுதுகிறேன். நம் தெருவில் இருக்கிற லிங்கப்பன் அண்ணன்தான் மேட்டூர் பஸ்ஸில் கண்டக்டர். பாலாற்றில் உங்கள் கேட்டில் வண்டி நிற்கும்போது கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பதிலையும் அவரிடமே கொடுங்கள். கோழி கிளறின மாதிரி எழுதினாலும் படித்துக்கொள்வேன். கன்னடத்தில் படித்த உங்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

நீங்கள் போய் ஐந்து வாரம் ஆகிறது. காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறரை. இந்த மூன்று வேளைப் பயிற்சிக்கு நடுவில் எவ்வளவு தூரம் போய்வர முடியுமோ அவ்வளவுதான் என் ஊர். ரேஷன் கடையில் வரிசை நீளமாக இருந்தால் மனிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறும் பையோடு திரும்பி வருகிறேன்.

அவள் அழுகிற சத்தம் வெளியே போகக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன். அப்படியும் கேட்கிறது. நேற்று கீழ்வீட்டு சித்தம்மா மேலே வந்துவிட்டார். "ஏனம்மா, மகூன ஹொடீத்தீயா?" என்று நேராகவே கேட்டார். குழந்தையை அடிக்கிறேனாம். உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். இது பரம்பரையாக வருகிற நோய், காலுக்குப் போகிற நரம்பு சரியாக வேலை செய்யாது, கால் விறைத்துக்கொண்டே போகும், அதனால்தான் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்கிறாள், இதைத் தீர்க்க மருந்து கிடையாது, தினமும் மூன்று வேளை பாதத்தை மேலே மடக்கி முப்பது எண்ணுகிற நேரம் பிடிக்க வேண்டும், ஒரு காலுக்கு ஐந்து தடவை என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் வீட்டுக்காரர் இருந்தபோது சாயங்காலத்தில் அழமாட்டாளே" என்றார்.

அவர் கேட்டதில் என்ன தப்பு? எனக்கும் அதே கேள்விதான்.

நீங்கள் சாயங்காலம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குச் செய்வீர்கள். நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருப்பேன். ஒன்று, இரண்டு என்று முப்பது வரைக்கும் உங்கள் குரல் கேட்கும். நடுநடுவே அவள் சிரிப்பாள். முடிந்ததும் வெளியே வந்து சமையலறைக் கதவில் தொங்குகிற சார்ட்டில் நீலப் பேனாவால் டிக் போடுவீர்கள். "உனக்கு இரும்புக் கை புள்ள" என்று என்னைக் கேலி வேறு செய்வீர்கள். சரி, இரும்புக் கைதான். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பஞ்சுக் கை எப்படிப் பிடித்தது என்று விவரமாக எழுதுங்கள். ஆகஸ்ட் 28 ஆஸ்பத்திரியில் பெரிய செக்கப். குதிகால் போதிய அளவு இறங்கவில்லை என்றால் மாவுக்கட்டு போடுவார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் கத்தி. உங்களுக்குத் தெரியாதது இல்லை.

பிரியா


பாலாறு செக்போஸ்ட்
17 ஜூன் 2024

பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. லிங்கப்பன் அண்ணன் ஜன்னல் வழியாக நீட்டினார். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

இங்கே நானும் சித்தையனும்தான். பத்துக்குப் பத்து அறை. பொழுது இறங்கியதும் கேட்டைப் பூட்டிவிடுவோம். அதற்குப் பிறகு யானை நடமாட்டம், வெளியே போக முடியாது. சித்தையன் ஒரே கதையைத் தினமும் சொல்கிறார். நேற்று ஆற்றுப் பக்கம் பதினொரு மான் வந்தது. மனிஷாவிடம் சொல். அவளுக்கு எண்ணப் பிடிக்கும்.

கை என்ன கை. எல்லார் கையும் ஒன்றுதான். பிள்ளைக்கு என்மேல் கொஞ்சம் பிரியம் கூட, அவ்வளவுதான். நீ நன்றாகத்தான் செய்கிறாய். வீட்டுக்கு வந்து பார்க்கிற பிசியோதெரபி ஜெனிஃபர் மேடமே பாராட்டியிருக்கிறார் அல்லவா? மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உதயன்


மேட்டகள்ளி
21 ஜூன் 2024

மாமாவுக்கு,

நான் மான் கணக்கு கேட்கவில்லை.

ஒரு வேளை நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். நான் பாயை எடுத்தாலே "பேடா, அம்மா, பேடா" என்று தொடங்கிவிடுகிறாள். எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து இப்போது வேண்டாம் என்று அழுவதும் கன்னடத்தில்தான். கையால் என் வாயைப் பொத்துகிறாள், எண்ணாமல் இருந்தால் செய்யமாட்டேன் என்று நினைத்து. நான் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணுகிறேன். நேற்று சோறு ஊட்டத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். சோற்றைக் கண்டு இல்லை, என்னைக் கண்டு. அவள் "கெட்ட அம்மா" என்று சொல்லும்போதுகூட எனக்கு இவ்வளவு வலித்ததில்லை.

இருநூறு தையல் மிஷின் ஓடுகிற ஃபாக்டரியில் வேலை செய்தவள் நான். மதியம் சாப்பாட்டு மணி அடித்தால் பத்துப் பேரோடு சிரித்துக்கொண்டு வெளியே வருவேன். இப்போது பகல் முழுக்க ஜன்னல் சாத்தின வீட்டில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துப் பயப்படுகிறது. நான் எங்கே போவது? நீங்கள் கேட் தூக்கப் போய்விட்டீர்கள். நிரந்தர வேலையாகும் என்று சொல்லிப் போனீர்கள். ஓடிப்போனீர்கள் என்று போனில் சொன்னதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை.

நேற்று வியாழக்கிழமை ஜெனிஃபர் மேடம் வந்திருந்தார். நீங்கள் செய்யும்போது அழமாட்டாள் என்று சொன்னேன். ஆச்சரியப்பட்டார். "அப்பா எப்பிடிப் பண்றாருன்னு நான் பாக்கணுமே. மத்த அம்மாங்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்" என்றார். உங்களுக்குத்தான் எவ்வளவு பெருமை. அந்த வித்தையை எழுதி அனுப்புங்கள். குதிகாலை எந்தக் கையில் பிடித்தீர்கள், முட்டியை எப்படி வைத்தீர்கள், எல்லாம்.

பிரியா


பாலாறு செக்போஸ்ட்
28 ஜூன் 2024

பிரியாவுக்கு,

கேட்கிறாய், எழுதுகிறேன்.

முதலில் வெந்நீரில் துணியைப் பிழிந்து பின்னங்காலில் ஐந்து நிமிடம் போடு. பிறகு விளக்கெண்ணெய் தடவு. இடது கையில் குதிகாலைக் கிண்ணம் மாதிரி ஏந்திக்கொள். வலது கையால் பாதத்தை மெதுவாக மேலே தள்ளு. பாட்டுப் பாடு. எண்ணும்போது கதை சொல்கிற மாதிரி குரலை ஏற்றி இறக்கி எண்ணு. அவள் முகத்தை மட்டும் பார்க்காதே. முகத்தைப் பார்த்தால் செய்ய முடியாது.

அவ்வளவுதான். அம்முணிக்கு முத்தம் கொடு.

உதயன்


மேட்டகள்ளி
5 ஜூலை 2024

மாமாவுக்கு,

ஆறு நாள் உங்கள் வித்தையைச் செய்து பார்த்தேன். வெந்நீர்த் துணி, விளக்கெண்ணெய், பாட்டு எல்லாம். எண்ணெய்க் கையில் கால் வழுக்கியது. குரலை ஏற்றி இறக்கி எண்ணினேன். அவள் இன்னும் உரக்க அழுதாள். கடைசி நாள் பாட்டை எடுத்ததுமே அழத் தொடங்கினாள். இனி அந்தப் பாட்டையும் பாட முடியாது.

நேற்று ஜெனிஃபர் மேடம் வந்து பாதம் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பார்த்தார். நோட்டில் எழுதியதை எனக்குக் காட்டினார். டிசம்பரில் பதினைந்து டிகிரி. மார்ச்சில் ஒன்பது. மே மாதம் ஐந்து. இப்போது இரண்டு. நீங்கள் போன பிறகு மட்டும் குறையவில்லை மாமா. நீங்கள் இங்கே இருந்தபோதே, டிசம்பரிலிருந்தே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. அவர் சார்ட்டைக் கதவிலிருந்து கழற்றி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு டிக்கூட விடுபடவில்லை. காலையும் மதியமும் என் சிவப்பு, மாலையில் நீங்கள் போகிற வரைக்கும் உங்கள் நீலம். "மூணு வேளையும் செஞ்சிருந்தா இவ்வளவு சீக்கிரம் குறையாதேம்மா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. சோம்பேறித்தனத்தில் சும்மா டிக் போட்டிருக்கிறாள் என்று நினைக்கிறார்.

இரண்டு வருடமாக ஒரு கல்யாணம் உண்டா, காதுகுத்து உண்டா? எங்கேயாவது போயிருக்கிறேனா? கொளத்தூரில் என் அண்ணன் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோதுகூட வேளை தவறும் என்று போகாமல் இருந்தேன். என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறார்.

வருகிற 18ஆம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மறுபடியும் வருகிறார். அன்று ஒரே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். அவர் கண்ணெதிரே நீங்கள் செய்துகாட்டுங்கள். நாம் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியட்டும். எனக்காக வேண்டாம். அவளுக்காக வாருங்கள்.

பிரியா


பாலாறு செக்போஸ்ட்
12 ஜூலை 2024

பிரியாவுக்கு,

18ஆம் தேதி வர முடியாது. சித்தையனுக்குக் காய்ச்சல், ஆள் இல்லை. ரோட்டில் ஒற்றை யானை வேறு நிற்கிறது. அமாவாசைக்கு மலைக்கோவிலுக்குக் கூட்டம் வரும், அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அந்த மேடம் உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை அவரிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்.

உதயன்


மேட்டகள்ளி
20 ஜூலை 2024

மாமா,

இந்தக் கடிதத்தில் ஏச்சு இருக்காது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். 18ஆம் தேதி மேடம் வந்து, நீங்கள் இல்லாததால் திரும்பிப் போய்விட்டார்.

நேற்று சாயங்காலம் ஆறரைக்குப் பாயை விரித்தேன். அலுத்துப்போயிருந்தேன். அவளைப் பிடிப்பதற்கு முன்னால், சும்மா, உங்களை மாதிரியே உரக்க "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. குப்புற விழுந்து, முட்டியை இழுத்து இழுத்துத் தவழ்ந்து, கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். நான் எண்ணுவதை நிறுத்தினேன். உள்ளேயிருந்து, "நிறுத்தாதம்மா, முப்பது வரைக்கும் எண்ணு. அப்பறம் தேடு" என்றாள்.

"யாரு சொல்லிக்கொடுத்தா அம்முணி?" என்று கேட்டேன்.

"அப்பா. காலெல்லாம் புடிக்கமாட்டாரு. எண்ணுவாரு, நான் ஒளிஞ்சுக்குவேன். பத்து வாட்டி. அம்மாகிட்டச் சொல்லக்கூடாது."

சொல்லக்கூடாது என்பதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரமாட்டேன் என்று அழுதாள். நான் குனிந்து கை நீட்டினேன். ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால் பிஸ்கட் காகிதங்கள் மடித்து மடித்துச் செருகியிருந்தன. அந்த மாதிரி மடிப்பது நீங்கள்தான்.

உங்களைக் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் இருக்கிறது. எத்தனை நாள்?

பிரியா


பாலாறு செக்போஸ்ட்
26 ஜூலை 2024

பிரியா,

எல்லா நாளும்.

முதல் நாள் மட்டும் ஒழுங்காகத் தொடங்கினேன். டிசம்பரில் மேடம் இரண்டு வேளையை மூன்று வேளையாக்கியபோது, சாயங்காலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன் அல்லவா, அதற்கு மறுநாள். அவள் காலைப் பிடித்து ஏழோ எட்டோ எண்ணியிருப்பேன். அழுதுகொண்டே என்னைப் பார்த்து, "அப்பா, நீ நல்லப்பா தானே?" என்று கேட்டாள். என் கை தானாக விட்டுவிட்டது. நீ வெளியே இருக்கிறாய் என்று வாய் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தது. அவள் அதை விளையாட்டு என்று நினைத்து மெல்லத் தவழ்ந்து போய் ஒளிந்துகொண்டாள். சிரித்தாள். வெளியே வந்தேன். நீ அடுப்பைப் பார்த்தபடியே, "பரவாயில்லையே, அழவே இல்லை" என்றாய். நான் டிக் போட்டேன்.

நாளைக்குச் செய்வோம், நாளைக்குச் செய்வோம் என்றுதான் இருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நல்ல அப்பாவாக இருப்பது பிடித்துப்போய்விட்டது. நான் வேலை முடிந்து படியேறி வந்தால் அவள் தவழ்ந்து வாசலுக்கு வருவாள். உன்னைக் கண்டால் பின்னால் போவாள். அது தப்பு என்று தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரலில் ஜெனிஃபர் மேடம், ஒருநாள் சாயங்காலம் வந்து நான் செய்வதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அந்த வாரம்தான் இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன். நிரந்தரமாவதும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ சொன்னது சரி. ஓடித்தான் வந்தேன்.

உனக்கு எழுதிய வெந்நீர், விளக்கெண்ணெய் எல்லாம் சித்தையன் தன் முட்டிவலிக்குச் செய்வதைப் பார்த்து எழுதினேன். முகத்தைப் பார்க்காதே என்று எழுதினது ஒன்றுதான் என்னுடையது.

18ஆம் தேதி காலையில் சித்தையனுக்கு நன்றாகத்தான் இருந்தது. லிங்கப்பன் அண்ணன் பஸ் திரும்பி வந்து நின்றது. கேட்டைத் தூக்கினேன். ஏறவில்லை. இங்கே பூட்டிக்கிடக்கிறேன் என்று உனக்கு எழுதினேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

உதயன்


மேட்டகள்ளி
2 ஆகஸ்ட் 2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை கிழிக்கலாம் என்று எடுத்தேன். ஜெனிஃபர் மேடத்திடம் காட்ட வேண்டியிருந்ததால் கிழிக்கவில்லை. நேற்று அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் கையைப் பிடித்து, "ஸாரிம்மா, உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்" என்றார். அவர் எதிரே அழக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

உங்களால்தான் இப்படி ஆனது என்று அவரிடம் சொல்லவைக்கப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. பிள்ளை வளர்கிறாள், எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசை நீளவில்லை, மூன்று வேளை ஒழுங்காகச் செய்தும் சில பிள்ளைகளுக்குக் குறைகிறது, ஐந்து மாதம் ஒரு வேளை விட்டதில் எவ்வளவு போனது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார். உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். எனக்கு இல்லை. கோபப்படுவதற்குக்கூட நேரான ஒரு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நேற்று அளந்ததில் ஒன்று. 28ஆம் தேதி மாவுக்கட்டுதான், அதில் சந்தேகம் இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு காலுக்கும், ஆறு வாரம். வாரத்துக்கு ஒருமுறை பிரித்து இன்னும் கொஞ்சம் மடக்கிப் புதிதாகப் போடுவார்கள். அந்த ஆறு வாரமும் தவழக்கூட முடியாது. பிரித்த பிறகு மறுபடியும் மூன்று வேளை. இது முடிகிற வேலை இல்லை. அவளுக்குப் பத்து வயது ஆனாலும், இருபது ஆனாலும் இருக்கும்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சில நாள் நான் இருபதிலிருந்து இருபத்தைந்துக்குத் தாவியிருக்கிறேன். அவள் அழுகை தாங்காமல் முப்பதை ஒரே மூச்சில் ஓட்டியிருக்கிறேன். அதற்கும் சிவப்பில் முழு டிக் போட்டேன். அதனால் உங்கள் கை எப்படி விட்டது என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்க மாட்டேன். ஆனால் நான் மறுநாள் காலை ஏழுக்கு மறுபடியும் பாயை விரித்தேன். உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அதைச் சின்ன வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சித்தம்மாவிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். இனி ஜன்னலைச் சாத்துவதாக இல்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

மனிஷா தினமும் ஆறரைக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். நான் எண்ணுகிறேன். முப்பது முடிந்ததும் தேடுகிற மாதிரி தேடி, கண்டுபிடித்து, வெளியே எடுத்து, அதற்குப் பிறகு காலைப் பிடிக்கிறேன். இப்போதும் அழுகிறாள். ஆனால் ஒளிகிற வரைக்கும் சிரிக்கிறாள். நீங்கள் கொடுத்ததில் எடுத்துக்கொள்ள முடிந்தது அது ஒன்றுதான். மாவுக்கட்டு போட்டுவிட்டால் அதுவும் ஆறு வாரத்துக்கு இல்லை. கட்டோடு அவளைத் தூக்கி இறக்க என் ஒரு இடுப்பு போதாது.

நம் இரண்டு பேருக்கும் ரிப்போர்ட் வந்த அன்றைக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அத்தை மகனும் மாமா மகளும் கல்யாணம் செய்துகொண்டதால் ஒரே கோளாறு இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்துவிட்டது, பாதி அப்பா கொடுத்தது, பாதி அம்மா கொடுத்தது, ஒருவர் மட்டும் கொடுத்திருந்தால் நோய் வந்திருக்காது என்று சொன்னார். நீங்கள் வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். நோயை அப்படிப் பாதிப்பாதி கொடுத்தோம். அழுகையை மட்டும் நான் முழுசாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஆறரை உங்களுடையது. அவள் உங்களையும் கெட்ட அப்பா என்று சொல்வாள். சொல்லட்டும். உங்கள் பாதியை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

லிங்கப்பன் அண்ணனிடம் இதற்குப் பதில் கொடுத்தனுப்ப வேண்டாம். அவர் பஸ் திரும்பி வரும்போது கேட்டைத் தூக்கிவிட்டு, சாவியைச் சித்தையன் கையில் கொடுத்துவிட்டு, அதிலேயே ஏறி வாருங்கள்.

பிரியா